ஏரி நீரால் கட்டடங்களைக் குளிர்விக்கும் திட்டங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடிகட்டி வேண்டும், குழாய் துருப்பிடிக்கக் கூடாது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். புதிதாக வரும் பொறியாளர்கள் திரும்பத் திரும்பச் சறுக்கும் இடங்கள் வேறு.

கட்டடத்தைப் பார்க்காமல் பம்பைப் பெரிதாக்குவது

அதிகப் பணத்தை விழுங்குவது இதுதான். ஏரி நீர் 6 டிகிரியில் வந்து 12 டிகிரியில் திரும்பினால், 1 மெகாவாட் வெப்பத்தை அகற்ற நொடிக்குச் சுமார் 40 லிட்டர் போதும். 9 டிகிரியிலேயே திரும்பினால் 80 லிட்டர் வேண்டும். அதே குழாயில் ஓட்டம் இரட்டித்தால் உராய்வு ஏறத்தாழ நான்கு மடங்கு, பம்பின் மின்செலவு எட்டு மடங்கு. ஏரி தந்த லாபம் அங்கேயே போய்விடும்.

கோளாறு பெரும்பாலும் கட்டடத்துக்குள் இருக்கிறது. பழைய மூவழி வால்வுகள், தேவை குறைந்த நேரத்தில் குளிர்நீரை அறைக் காற்றைக் குளிர்விக்கும் சுருளுக்குள் விடாமல் நேரே திரும்பு குழாயில் கலந்துவிடுகின்றன. நீர் சூடேறாமலே திரும்புகிறது. அதைக் கண்டதும் 'தண்ணீர் பத்தவில்லை' என்று இன்னொரு பம்ப் மாட்டுகிறார்கள்! முதலில் இருவழி வால்வும் வேகம் மாற்றக்கூடிய பம்பும் போடுங்கள். சுருள்களில் படிந்த அழுக்கை எடுங்கள். ஒவ்வொரு கட்டடத்தின் திரும்பு குழாயிலும் வெப்பமானி இருக்கட்டும். எந்தக் கட்டடம் கெடுக்கிறது என்று அதுவே காட்டிக்கொடுக்கும். குளிர்ந்த நீரைத் திருப்பி அனுப்புகிறவரிடம் கூடுதல் கட்டணம் வாங்குவது நியாயமே.

ஆழத்தில் சிப்பி வராது என்று நம்புவது

வரிக்குதிரைச் சிப்பிக்கு வெதுவெதுப்பு வேண்டும். குவாகா சிப்பி குளிர்ந்த ஆழத்திலும் பெருகும். ஜெனீவா ஏரியில் அது 2015-இல் கண்டறியப்பட்டது. அதன் இளம் புழுக்கள் சாதாரண வலையில் நிற்காது. குழாய்ச் சுவரில் ஒட்டி வளர்ந்து வழியை அடைக்கும். குழாய்க்குள் துப்புரவு உருளை செலுத்தும் வாயிலைத் தொடக்கத்திலேயே அமையுங்கள். ஏரி நீரும் கட்டட நீரும் கலக்காமல் வெப்பத்தைக் கடத்தும் வெப்பப் பரிமாற்றி இரண்டாக இருந்தால் ஒன்றைக் கழுவும்போது மற்றது ஓடும்.

பம்பை ஏரி மட்டத்துக்கு மேலே வைப்பது

வேண்டாம்.

குளிர்காலத்தை மறப்பது

குளிர்காலத்தில் இதே ஏரி நீரிலிருந்து வெப்பத்தை எடுத்துக் கட்டடத்தைச் சூடாக்கும் வெப்பப் பம்புக்கு 5 டிகிரி நீரைக் கொடுத்து 4 டிகிரி இறக்கினால், வெளியேறும் நீர் 1 டிகிரி. பரிமாற்றித் தகட்டை ஒட்டிய நீர் அதற்குள் உறைந்துவிடக்கூடும். இறக்கத்தை 2, 3 டிகிரிக்குள் நிறுத்துங்கள். இடையில் கிளைகோல் என்ற உறைதடுப்புத் திரவம் கலந்த தனிச்சுற்று போடுங்கள். நீரோட்டம் குறைந்த உடனே வெப்பப் பம்பை நிறுத்தும் சுவிட்ச் கட்டாயம்.

திரும்பும் நீரைப் பிறகு யோசிப்பது

ஆழத்து நீரில் பாஸ்பரஸ் அதிகம் இருக்கலாம். அமெரிக்காவின் கயூகா ஏரியில் 2000-இல் இயங்கத் தொடங்கிய கார்னெல் பல்கலைக்கழகத் திட்டம், அந்த நீரை ஆழமற்ற தென்முனையில் விடுவதால் பாசி பெருகுமோ என்ற சர்ச்சையை நெடுங்காலம் சந்தித்தது. டொராண்டோவில் 83 மீட்டர் ஆழத்திலிருந்து எடுக்கும் 4 டிகிரி நீர், குளிர்ச்சியைக் கொடுத்தபின் நகரக் குடிநீர்க் குழாய்களுக்குப் போகிறது.