சோடியத்தின் நியூட்ரான் பிடிப்பை அளக்கும் முறை

கோலாலம்பூருக்குத் தெற்கே பாங்கியில் 1982 முதல் இயங்கிவரும் 1 மெகாவாட் ஆய்வு அணு உலை போன்ற ஒன்றில் மாதிரியைக் கதிரூட்ட (நியூட்ரான்கள் படும்படி வைக்க) வாய்ப்புக் கிடைத்தால், முதலில் சோடியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது நியூட்ரானைப் பிடித்துக் கதிரியக்கமுள்ள சோடியம்-24 ஆக மாறும். நியூட்ரான் பாயத்தை (ஒரு பரப்பின் வழியே நொடிக்குப் பாயும் நியூட்ரான்களின் அளவை) நேரடியாக அளப்பது கடினம் என்பதால், ஒப்பீட்டுக்காக, ஏறத்தாழ 98.7 பார்ன் குறுக்குவெட்டுப் பரப்பு (நியூட்ரானைப் பிடிக்கும் வாய்ப்பின் அளவு; பார்ன் அதன் அலகு) உடைய தங்கத்தின் மெல்லிய தகட்டையும் சோடியத்துடன் சேர்த்தே கதிரூட்ட வேண்டும்.

நம் ஊர்க் காற்றின் ஈரப்பதத்தை இங்கே மறந்துவிடக்கூடாது. சோடிய மாதிரியாகப் பயன்படும் நீரற்ற சோடியம் கார்பனேட் ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதால், அதை அடுப்பில் உலர்த்தி, உலர்கலனில் ஆறவைத்து, தராசில் எண் மெல்ல ஏறத் தொடங்கும் முன்பே எடையைக் குறித்து, பாலித்தீன் உறையில் மூடி ஒட்டிவிட வேண்டும். அலுமினியத் தாளில் ஒருபோதும் சுற்றாதீர்கள். வேக நியூட்ரான்கள் அலுமினியத்தைத் தாக்கும்போதும் அதே சோடியம்-24 உருவாகி அளவீட்டைக் கெடுத்துவிடும்.

கதிரூட்டலை ஒருமுறை வெறுமனேயும், மறுமுறை இரு மாதிரிகளையும் காட்மியம் உறையிலிட்டும் செய்யுங்கள். வெப்ப நியூட்ரான்களை, அதாவது மெதுவாக நகரும் நியூட்ரான்களை, காட்மியம் தடுத்துவிடுவதால், இரண்டின் வேறுபாடே அவற்றின் பங்கு. பிறகு காமா கதிர்களை எண்ணும் ஜெர்மானியம் உணர்கருவியில் சோடியத்தின் 1369 கிலோ எலக்ட்ரான் வோல்ட் முகட்டையும், தங்கத்தின் 412 முகட்டையும் எண்ணி, கருவித்திறன், காமா விகிதம் (ஒரு சிதைவுக்கு அந்தக் காமா கதிர் வெளிவரும் பங்கு), சிதைவு (சோடியம்-24இன் அரை ஆயுள் சுமார் 15 மணி நேரம்) ஆகியவற்றுக்குத் திருத்தம் செய்யுங்கள். ஓர் அணுவுக்கான செறிவுநிலைக் கதிரியக்கங்களின் (நீண்ட நேரம் கதிரூட்டினால் எட்டும் உச்ச அளவுகளின்) சோடியம்-தங்கம் விகிதத்தைத் தங்கத்தின் மதிப்பால் பெருக்கினால், விடை 0.53 பார்னுக்கு அருகில் வர வேண்டும்.