நெஞ்சு கரிக்கிறதா? சீரகத் தண்ணீர் வைக்கும் விதமும், அதைவிட முக்கியமாகக் கொடுக்கும் விதமும்

எங்கள் நைனா துறைமுகத்தில் முப்பது வருஷம் ஷிப்ட் பார்த்தவர். ராத்திரி பத்தரைக்குச் சாப்பாடு, பதினொன்றுக்குப் படுக்கை. ரிட்டையர் ஆகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. சங்கரா மீன் குழம்பு வைத்த நாளென்றால் ஒரு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொள்வார். "நெஞ்சு கரிக்குதும்மா, புளிச்ச தண்ணி தொண்டை வரைக்கும் வருது" என்பார். போன மழைக்காலத்தில் ஆரம்பித்து இரண்டு மாதம் இதோடு மல்லுக்கட்டினேன். பல தப்புகளுக்கு அப்புறம் கைக்கு வந்ததை எழுதுகிறேன்.

அடுப்பு பற்றவைக்கும் முன் ஒன்று. நெஞ்சில் பாறாங்கல்லை வைத்த மாதிரி அழுத்தி, வலி தோள், கை, தாடை என்று பரவி, வியர்த்துக் கொட்டினால் கஷாயம் வைத்துக்கொண்டிருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். "கேஸ்தான், ஒரு சோடா குடி" என்று நேரத்தை விடுகிற வழக்கம் நம் பக்கம் ரொம்ப அதிகம். சோறு விழுங்கும்போது நடுவில் அடைப்பது, மலம் கறுப்பாகப் போவது, ரத்த வாந்தி, காரணமில்லாமல் எடை இறங்குவது, இவை இருந்தாலும் நேரே டாக்டர்தான். தண்டையார்பேட்டையில் இருக்கிற எங்களுக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கம். நைனாவை அங்கே காட்டி, மாத்திரையும் வாங்கிய பிறகுதான் இதைத் தொடங்கினேன். கஷாயம் மாத்திரைக்குத் துணை. அதை நம்பி டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

1. சாமான்

சீரகம், தனியா, வெந்தயம். இவ்வளவுதான். அஞ்சறைப் பெட்டியிலேயே இருக்கும். நான்தான் பெரிய வைத்தியச்சி மாதிரி பூக்கடையில் பஸ் இறங்கி, ராசப்ப செட்டி தெருவுக்கு நடந்து போய், ஒரு நாட்டு மருந்துக் கடையில் "மருந்துக்குச் சீரகம்" என்று கேட்டேன். பொட்டலத்தைப் பிரிக்காமல் வீட்டுக்கு வந்து பார்த்தால் கருஞ்சீரகம். அதையும் விடாமல் கொதிக்க வைத்துக் கொடுத்தேன். ஒரு வாய் வைத்துவிட்டு, "இன்னாம்மா இது, வேப்பெண்ணெயா?" என்றார். ரசத்துக்குப் போடுகிற சாதாரண சீரகம்தான் வேண்டும். பெருஞ்சீரகம் என்றால் சோம்பு. அது வேறு.

பொடியாக எதையும் வாங்காதீர்கள். முழுசாக வாங்கினால் கல்லும் தூசியும் கண்ணுக்குத் தெரியும்.

2. வறுத்து, தட்டி

சீரகம் ஒரு டீஸ்பூன், தனியா ஒரு டீஸ்பூன். வெறும் வாணலியில், சின்னத் தீயில், வாசனை வரும் வரைக்கும் வறுத்தால் போதும். சிவக்க விட்டால் கசக்கும். ஆறியதும் இடிகல்லில் நாலு தட்டு. மிக்ஸி வேண்டாம். நைசாக அரைத்தால் வடிகட்டியில் நிற்காமல் கஷாயம் குழம்பு மாதிரி ஆகிவிடும்.

3. கொதிக்க வைக்க

மூன்று டம்ளர் தண்ணீர், எவர்சில்வர் பாத்திரம். எங்கள் தெருவில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும், அதில் வைத்தால் சீரகத்தின் மணமே தெரியாது. கேன் தண்ணீரோ மெட்ரோ தண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள். கொதி வந்ததும் தட்டிய பொடியைப் போட்டுத் தீயைக் குறைத்து ஐந்து நிமிஷம். அடுப்பை அணைத்து, மூடி வைத்து, இன்னொரு பத்து நிமிஷம். வடிகட்டினால் வெளிர் தேன் நிறத்தில் இருக்கும். சர்க்கரை, எலுமிச்சை எதுவும் சேர்க்கக் கூடாது. எலுமிச்சையின் புளிப்பு வெந்த தொண்டையில் போய் இன்னும் எரியும்.

பிளாஸ்க்கில் ஊற்றி வைக்கலாமே என்று தோன்றும். காப்பி ஊற்றிய பிளாஸ்க் என்றால் தயவுசெய்து வேண்டாம். எத்தனை தடவை கழுவினாலும் அந்த வாசனை மூடியில் உட்கார்ந்திருக்கும். அப்படியே மூடி வைத்து, கொடுக்கும்போது கொஞ்சம் சூடு காட்டினால் போதும். அன்றைக்கு வைத்ததை அன்றைக்கே முடித்துவிட வேண்டும்.

4. கொடுப்பது

நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான். கஷாயம் சரியாக வந்த சந்தோஷத்தில், படுக்கப் போகும் நேரத்தில் ஒரு பெரிய சொம்பு நிறைய, ஆவி பறக்கக் கொடுத்தேன். முழுசையும் மடமடவென்று குடித்துவிட்டுப் படுத்தார். அன்றைக்கு ஒரு மணி வரைக்கும்கூடத் தாங்கவில்லை. பன்னிரண்டுக்கே எழுந்துவிட்டார். அடுத்த நாள் கஷாயத்தை இன்னும் கெட்டியாக வைத்தேன். இன்னும் மோசம். ஒரு வாரம் சரக்கின் மேலேயே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

சரக்கில் தப்பில்லை. உணவுக்குழாய் இரைப்பையில் சேருகிற இடத்தில், சுருக்குப்பையின் வாய் மாதிரி ஒரு தசை வளையம் இருக்கிறது. விழுங்கும்போது திறந்து, அப்புறம் இறுக்கிக்கொள்ள வேண்டும். அது தளர்ந்து போனால் அமிலம் மேலே ஏறும். பை நிறைய நிறைய அந்த வாய்க்கு அழுத்தம் கூடும். அதோடு ஆளைப் படுக்கவும் வைத்தால் கேட்கவே வேண்டாம். மீன் குழம்புச் சோற்றுக்கு மேல் ஒரு சொம்பு தண்ணீரையும் ஊற்றி ஆளைப் படுக்க வைத்தது நான்தான்!

இப்போது கொடுக்கிற விதம் இது. அளவு அரை டம்ளர், காப்பி குடிக்கிற சின்ன டம்ளரில். சூடு, விரலை விட்டால் சுடக் கூடாது, அவ்வளவுதான். நேரம், சாப்பிட்டு அரை மணி கழித்து. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, வாய் வாயாக, பத்து நிமிஷம் எடுத்துக்கொண்டு குடிக்க வேண்டும். நைனாவுக்கு இது பொறுமையைச் சோதிக்கிற வேலை. அதனால் எட்டு மணி செய்தியைப் போட்டுவிட்டு டம்ளரைக் கையில் கொடுப்பேன். செய்தி முடியும்போது டம்ளரும் காலி. எட்டு மணிக்குக் கஷாயம் என்றால் ஏழரைக்குச் சாப்பாடு முடிந்தாக வேண்டும். எனக்கு வேண்டியதும் அதுதான். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரம் இடைவெளி கிடைத்துவிடுகிறது.

காலையில் வெந்தயத் தண்ணீர். அரை டீஸ்பூனை ராத்திரியே கால் டம்ளர் தண்ணீரில் ஊறப் போட்டால் காலையில் வழவழவென்று இருக்கும். அந்த வழவழப்புத்தான் தொண்டைக்கு இதம். மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டு, அரை மணி கழித்து டிபன் முடித்து, அப்புறம் இரண்டு மணி நேரம் போனதும் இதைக் கொடுக்கிறேன். வழவழப்பு மாத்திரையைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது பாருங்கள்.

*பிற்சேர்க்கை:* சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்களுக்கு வெந்தயம் கொடுக்கலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். வெந்தயமும் சர்க்கரையை இறக்கும். டாக்டரிடம் சொல்லிவிட்டு, அளவு பார்த்துக்கொண்டு கொடுங்கள்.

எதைச் சேர்க்கக் கூடாது

புதினா. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. வயிற்றுக்குக் குளிர்ச்சி என்று நானும் ஒரு கைப்பிடி கிள்ளிப் போட்டவள்தான். வயிற்று உப்புசத்துக்கு நல்லதுதான், ஆனால் தசையைத் தளர்த்துகிற குணம் அதற்கு உண்டு. ஏற்கெனவே தளர்ந்த சுருக்குப்பையை இன்னும் அவிழ்த்துவிடும். இஞ்சியும் ஒரு சின்னத் துண்டுக்கு மேல் போனால் எரியும். கற்றாழையைப் புதிதாகச் செய்கிறவர்கள் தொட வேண்டாம். தோலுக்கு அடியில் வடிகிற மஞ்சள் பாலைச் சரியாகக் கழுவாவிட்டால் வயிற்றுப்போக்கு நிச்சயம்.

கோலி சோடாவும் அப்படித்தான். ஏப்பம் வரும்போது சுகமாக இருக்கும், அந்த ஏப்பத்தோடேயே அமிலமும் ஏறி வரும்.

*இன்னொரு பிற்சேர்க்கை:* "அதிமதுரத்தை ஏன் விட்டுவிட்டீர்கள்?" என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். விடவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். மூன்று வாரம் தினமும் கொடுத்தேன். தொண்டைக்கு நன்றாகவே கேட்டது. ஆனால் நைனாவுக்கு பிரஷர் உண்டு. கால் லேசாக வீங்கி, செருப்பு வார் பதிந்த தடம் அப்படியே நின்றது. பிரஷர் பார்த்த டாக்டர் முதலில் கேட்ட கேள்வி, "ஏதாவது நாட்டு மருந்து சாப்பிடுறீங்களா?" அதிமதுரம் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி வைத்து, பொட்டாசியத்தை வெளியே தள்ளும். பிரஷர், இதய நோய், சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வேண்டவே வேண்டாம். மற்றவர்களும் வாரக்கணக்கில் தொடர வேண்டாம். வாங்குவதாக இருந்தால் குச்சியாக வாங்குங்கள். உடைத்தால் உள்ளே மஞ்சளாக, நாராக இருக்கும், மென்றால் தித்திக்கும். குன்றிமணி வேரையும் அதற்குப் பதில் விற்பதுண்டு. பொடியில் எது என்று நீங்கள் கண்டுபிடிக்கவே முடியாது.

5. கட்டிலுக்குச் செங்கல்

இது மருந்தில்லைதான், ஆனால் கஷாயத்தில் பாதி வேலை இதுதான் செய்தது. தலைமாட்டுப் பக்கக் கால் இரண்டையும் ஆறு அங்குலம் தூக்க வேண்டும். தலையணையை அடுக்கினால் கழுத்து மட்டும்தான் மடங்கும், வயிறு இன்னும் அமுங்கும். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் இன்னும் நல்லது. பக்கத்தில் வீடு கட்டுகிறவர்களிடம் நாலு செங்கல் கேட்டு வாங்கி, ஒரு காலுக்கு இரண்டாக அடுக்கினேன். "கட்டிலுக்கு எதுக்கும்மா அஸ்திவாரம்?" என்றார் நைனா. முதல் ராத்திரியே ஒரு கால் செங்கல்லிலிருந்து வழுக்கி, டமாரென்று சத்தம். கீழ்வீட்டுக்காரர் ஏறி வந்துவிட்டார். அதனால் செங்கல்லுக்கு மேல் பழைய சைக்கிள் டியூபை ஒரு சாண் வெட்டிப் போட்டு, அதன்மேல் காலை நிறுத்துங்கள்.