ஹார்ட் டிஸ்க்கில் பிழை இருக்கிறதா? விண்டோஸிலேயே பார்த்துவிடலாம்

கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விடுகிறது. அல்லது அவசரத்தில் பென் டிரைவை இஜெக்ட் கொடுக்காமல் உருவிவிடுகிறோம். எழுதும் வேலை பாதியில் நின்றுபோனால் டிஸ்க்கின் கணக்கு குழம்பலாம். எந்தக் கோப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்ற பட்டியலைத்தான் கணக்கு என்கிறேன். அதைச் சரிபார்க்கும் செக் டிஸ்க் என்ற கருவி விண்டோஸுடனேயே வருகிறது.

ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். செக் டிஸ்க் சரிசெய்வது பட்டியலைத்தான், உங்கள் கோப்புகளை அல்ல. பட்டியலோடு ஒட்டாத துண்டுகளை அது தனியே ஒதுக்கிவிடும். அந்தத் துண்டு, வேறெங்கும் நகல் இல்லாத ஒரு புகைப்படமாகக்கூட இருக்கலாம். அதனால் முதலில் சோதனை, பிறகு நகல், அதற்கப்புறம்தான் பழுதுபார்ப்பு.

படி 1: சோதனை. திஸ் பிசி-யைத் திறந்து, டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ், டூல்ஸ், செக் என்று போங்கள். 'ஸ்கேன் செய்யத் தேவையில்லை' என்று வந்தாலும் ஸ்கேன் டிரைவை அழுத்துங்கள். அது ஓடும்போது நீங்கள் வழக்கமான வேலையைப் பார்க்கலாம். பென் டிரைவுக்கு 'ஸ்கேன் அண்ட் ரிப்பேர்' என்றே கேட்கக்கூடும். அப்படிக் கேட்டால் நகல் எடுக்காமல் அழுத்த வேண்டாம். பிழை இல்லை என்று வந்தால் வேலை முடிந்தது.

படி 2: நகல். பிழை இருந்தால், முக்கியமான கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்து வையுங்கள்.

படி 3: பழுதுபார்ப்பு. ஸ்டார்ட்டில் சிஎம்டி என்று தேடி, 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத் திறங்கள். சி, ஹெச், கே, டி, எஸ், கே என்ற ஆறு ஆங்கில எழுத்துகளைச் சேர்த்துத் தட்டுங்கள். ஓர் இடைவெளி விட்டு டிரைவின் எழுத்தும் முக்காற்புள்ளியும் (:), மறுபடி இடைவெளி விட்டுச் சாய்வுக்கோடும் (/) எஃப் எழுத்தும். என்டர். சி டிரைவ் என்றால், அடுத்த முறை கணினி தொடங்கும்போது செய்யட்டுமா என்று கேட்கும். ஒய் தட்டி, ரீஸ்டார்ட் செய்யுங்கள். லேப்டாப்பைச் சார்ஜரில் போட்டுவிடுங்கள். நடுவில் மட்டும் அணைத்துவிடாதீர்கள்.

எஃப்-க்குப் பதில் ஆர் போட்டால், பட்டியலோடு சேர்த்து, டிஸ்க்கில் பழுதாகிப் படிக்க முடியாமல்போன சிறு பகுதிகளான பேட் செக்டார்களையும் தேடும். பெரிய ஹார்ட் டிஸ்க்கில் இதற்குப் பல மணி நேரம் ஆகும். கடகடவென்று சத்தம் வரும் டிஸ்க்கில் இதை ஓடவிடாதீர்கள். இருக்கும் கொஞ்ச உயிரையும் இந்தத் தேடல் தின்றுவிடும். எடுக்க முடிந்த கோப்புகளை முதலில் நகலெடுங்கள்.

படி 4: முடிவைப் பார்ப்பது. ரீஸ்டார்ட்டில் ஓடிய சோதனையின் அறிக்கை, ஈவென்ட் வியூவரில் (கணினியில் நடந்தவற்றை விண்டோஸ் குறித்துவைப்பதைக் காட்டும் கருவி, ஸ்டார்ட்டில் தேடினால் கிடைக்கும்) விண்டோஸ் லாக்ஸ், அப்ளிகேஷன் பகுதியில் வின்இனிட் என்ற பெயரில், 1001 என்ற எண்ணோடு இருக்கும். அதில் பேட் செக்டார் வரியைப் பாருங்கள். 0 என்றிருந்தால் நல்லது. ஒவ்வொரு முறையும் அந்த எண் கூடிக்கொண்டே போனால், அந்த டிஸ்க்கை மாற்றிவிடுங்கள்.