மூன்று மாறிலிகள், இரண்டு நிபந்தனைகள்

உள்ளழுத்தம் தாங்கும் தடித்த உருளைக்கு ஏய்ரியின் தகைவுச் சார்பை, அதாவது வகையிட்டால் தகைவுகளைத் (ஓரலகுப் பரப்பில் செயல்படும் உள்விசைகளை) தரும் சார்பை, எழுதியபோது, ஆரத்தின் மடக்கை, ஆரத்தின் வர்க்கம், இவ்விரண்டின் பெருக்கல் என்ற 3 உறுப்புகளுக்கும் மாறிலிகள் தேவைப்பட்டன. உள், வெளிப் பரப்புகளின் ஆரத் தகைவு தந்த நிபந்தனைகளோ 2 மட்டுமே. அச்சார்பு நிறைவு செய்ய வேண்டிய பைஹார்மோனிக் சமன்பாட்டை மூன்றும் குறையின்றி நிறைவு செய்ததால், அங்கே துப்பு எதுவும் கிடைக்கவில்லை. வெட்டுமுகத்தில் தொடுதிசைத் தகைவின் கூட்டுவிசையை மூன்றாம் நிபந்தனையாக வைத்துப் பார்த்தேன். முதலிரண்டும் பொருந்தினால் அது தானாகவே பொருந்திவிடுகிறது. வேலை பல நாள் அப்படியே நின்றது.

இடப்பெயர்ச்சிகளைத் தொகையிட்ட பிறகுதான் முடிச்சு அவிழ்ந்து நிம்மதி வந்தது. பெருக்கல் உறுப்பு மட்டும் தொடுதிசை இடப்பெயர்ச்சியில் கோணத்துக்கு நேர்விகிதமான பகுதியைச் சேர்க்கிறது. ஒரு முழுச் சுற்று வந்தால் அதே புள்ளிக்கு வேறொரு மதிப்பு கிடைக்கும். மூடிய வளையத்தில் அது கூடாதாகையால் அதன் மாறிலியைச் சுழியமாக்கினேன். தடித்த உருளைக்கு வழக்கமாகப் பயன்படும் லாமேயின் விடை அப்படியே வந்தது. வளையத்திலிருந்து வெட்டியெடுத்த வளைந்த சட்டம் மூடியதல்ல என்பதால், அதன் தூய வளைப்புக்கு (முனைகளில் வளைக்கும் திருப்புத்திறன் மட்டும் செயல்படும் நிலைக்கு) மட்டும் அந்த உறுப்பை நீக்கிவிடக் கூடாது.