ஒரு பாடம் மட்டும் சறுக்கிவிட்டதா? முதலில் கட்-ஆஃப் போட்டுப் பாருங்கள்

தென்காசி பக்கம் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று மத்தியானம் ஒரு பிள்ளை ஆய்வக வாசலில் வந்து நின்றாள். கணிதம் 97, இயற்பியல் 94, வேதியியல் 61. "அண்ணா யுனிவர்சிட்டி போச்சு மிஸ்" என்றாள். அழுது முடித்து வந்த முகம். உட்காரவைத்து, பழைய ரெக்கார்டு நோட்டின் பின்பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தேன். "முதல்ல கணக்கப் போடும்மா, அப்புறம் அழலாம்."

பொறியியல் கலந்தாய்வில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக 200. இப்படிச் சுருக்கிக் கூட்டி வரும் மார்க்கைத்தான் கட்-ஆஃப் என்கிறோம். தமிழும் ஆங்கிலமும் சேராது. அவள் எழுதினாள்: 97, 47, 30.5. மொத்தம் 174.5. வேதியியலில் 95 வாங்கியிருந்தால் 191.5 வந்திருக்கும். 34 மார்க் குறைந்ததற்குக் கட்-ஆஃபில் போனது 17. அதே 61 கணிதத்தில் விழுந்து வேதியியலில் 97 வந்திருந்தால் 156.5 தான். மார்க் ஒன்றுதான், எந்தப் பாடத்தில் விழுந்தது என்பதைப் பொறுத்து அதன் எடை மாறுகிறது. எந்தப் பிள்ளை வந்தாலும் நான் முதலில் இதைத்தான் போட்டுக் காட்டுவேன்.

கணிதத்தில் சறுக்கியவர்கள் பொறியியலோடு நின்றுவிடாதீர்கள். கணிதம்-உயிரியல் பிரிவில் ஒரு பையன்: கணிதம் 61, இயற்பியல் 90, வேதியியல் 92, உயிரியல் 95. பொறியியலுக்கு 152. வேளாண்மைப் பட்டப்படிப்புக்கு நான்கு பாடமும் தலா 50 என்பதால் 169. கால்நடை மருத்துவத்துக்கு உயிரியல் 100, இயற்பியலும் வேதியியலும் தலா 50, கணிதமே சேராது. அங்கே அவனுக்கு 186. வீட்டில் எல்லாரும் 152-ஐயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்துக்குத் தனி விண்ணப்பம், தனிக் கடைசித் தேதி. பொறியியல் முடிந்தபின் பார்க்கலாம் என்று இருந்தால் அந்தத் தேதி போய்விடும்.

அடுத்தது விடைத்தாள் நகல். ரிசல்ட் வந்ததும் சில நாட்கள்தான் அவகாசம் தருவார்கள். முதலில் நகல் வாங்க வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் மறுகூட்டலா மறுமதிப்பீடா என்று விண்ணப்பிக்க முடியும். நகல் வந்தால் தனியாகப் பார்க்காதீர்கள், அந்தப் பாட ஆசிரியரை விடைக்குறிப்போடு பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். உள்ளே போட்ட மார்க்கும் முகப்புப் பக்கத்தில் உள்ள மார்க்கும் ஒன்றா? மார்க் போடாமல் விட்ட விடை உண்டா? கூடுதல் தாள் முழுதும் திருத்தப்பட்டிருக்கிறதா? அந்தப் பிள்ளையின் தாளை எங்கள் வேதியியல் ஆசிரியரும் நானும் சேர்ந்து புரட்டினோம். முதல் பக்கங்களில் முத்துமுத்தாக எழுத்து. போகப்போகச் சாய்ந்து, ஐந்து மார்க் கேள்விகளில் இரண்டை எண் மட்டும் போட்டு விட்டிருந்தாள். நேரம் போதவில்லை. திருத்தியதில் குறையே இல்லை. மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்ட வேண்டாம் என்றேன். அவளுக்கு அது ஆறுதலாக இருந்தது என்றே நினைக்கிறேன், பாடம் தெரியாமல் போகவில்லை என்று அவளே கண்ணால் பார்த்துவிட்டாளே.

மறுபடி எழுதி மார்க்கை உயர்த்தலாமா என்று பெற்றோர் கேட்பார்கள். மாநிலப் பாடத்திட்டத்தில் தேர்ச்சி பெற்றவர்களுக்கு அந்த வழி இல்லை. சிபிஎஸ்இ பிள்ளைகள் ஒரு பாடத்தை மட்டும் துணைத் தேர்வில் எழுதி உயர்த்திக்கொள்ளலாம்.

பிளஸ் டூ மார்க்கை வைத்து வரிசைப்படுத்தாத இடங்களும் உண்டு. கணிதத்தில் உயிரை வைத்து மொழிப்பாடத்தில் கோட்டைவிட்ட பிள்ளை என்றால் சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் கழகத்துக்கு எழுதச் சொல்வேன். அவர்கள் வைக்கும் நுழைவுத்தேர்வுதான் அங்கே பேசும். கணிதம் வராது, வாசிப்பு நன்றாக வரும் என்றால் சட்டப் படிப்புக்கான நுழைவுத்தேர்வான கிளாட் எழுதி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் போகலாம். அதில் வரும் கணக்கு பத்தாம் வகுப்பு அளவுதான். ஐஐடிக்கு மட்டும் கவனம் வேண்டும். அதன் நுழைவுத்தேர்வான ஜேஇஇ-யில் ரேங்க் வந்தாலும், பிளஸ் டூவில் ஐந்து பாடம் சேர்த்து 75 சதவீதம் (பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 65), இல்லையென்றால் உங்கள் வாரியத்தில் முதல் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அந்த ஐந்தில் ஒரு மொழிப்பாடமும் சேரும்.

சில தனியார் பல்கலைக்கழகங்களும் உதவித்தொகை தருபவர்களும் நேர்காணலில் "இதில் மட்டும் ஏன் குறைவு?" என்று கேட்பார்கள். இரண்டு வாக்கியம் போதும். என்ன நடந்தது, அதற்குப் பிறகு என்ன செய்தேன். ஆசிரியரைக் குறை சொல்ல வேண்டாம்.

இனி பொறியியல் கலந்தாய்வில் கல்லூரியையும் பிரிவையும் வரிசைப்படுத்திக் கொடுக்கும் விருப்பப் பட்டியல். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்கள் 7.5 சதவீத ஒதுக்கீட்டை விட்டுவிடாதீர்கள், கல்விக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. சென்ற ஆண்டு எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவில், உங்கள் வகுப்பினருக்குக் கடைசியாக எந்தக் கட்-ஆஃபில் இடம் போனது என்பது கலந்தாய்வு இணையதளத்திலேயே கிடைக்கும். அதை அச்செடுத்து, உங்கள் கட்-ஆஃபுக்கு மேலே இருப்பதையும் சேர்த்து ஆசைப்படும் வரிசையிலேயே போடுங்கள். கிடைக்காது என்று பயந்து கீழே இறக்கினால் கிடைக்க வேண்டியதும் போகும்.

அந்தப் பிள்ளை கணினி அறிவியலைத்தான் முதலில் எழுதினாள். எழுதட்டும் என்று விட்டேன். அதற்குக் கீழே அண்ணா பல்கலைக்கழகத்தின் அச்சுத் தொழில்நுட்பம், புவித்தகவலியல் என்று கட்-ஆஃப் குறைவாக முடியும் பிரிவுகளை இருவரும் சேர்த்தோம். தோல் தொழில்நுட்பத்தில் கை வைத்தபோது மட்டும் நிறுத்தினேன். "இது முழுக்க வேதியியல்மா, நாலு வருஷம் இதோட இருப்பியா?" கொஞ்சம் யோசித்தாள். பென்சிலால் அதன்மேல் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனாள்.