குரோஷேவில் ஓர் இட்லிப் பொம்மை: பின்னும் முறை

கொக்கி ஊசியால் சிறு பொம்மைகளைப் பின்னிப் பஞ்சடைக்கும் ஜப்பானியக் கலையான அமிகுருமியில், கண்ணும் வாயும் வைத்த உணவுப் பண்டங்களுக்குத் தனி இடம் உண்டு. இதைப் புதிதாகத் தொடங்குபவருக்கு இட்லியைவிட நல்ல முதல் பொம்மை இல்லை என்பது என் உறுதியான கருத்து. வெளிர் நிற நூலில் ஒவ்வொரு கண்ணியும் தெளிவாகத் தெரிவதால் எண்ணுவது எளிது; பின்னல் சற்றே தளர்ந்தாலும் உள்ளிருக்கும் வெள்ளைப் பஞ்சு வெள்ளை நூலுக்கிடையே உறுத்தாது.

சந்தன வெள்ளையில் 8 பிளை (நூலின் தடிமனைக் குறிக்கும் அளவு) நூல், சட்னிக்குக் கொஞ்சம் பச்சை நூல், 6 மி.மீ. பொம்மைக் கண்கள் இரண்டு, பாலியெஸ்டர் பஞ்சு, மழுங்கிய முனையுள்ள தையல் ஊசி, சுற்றின் தொடக்கத்தை அடையாளமிட ஓர் ஊக்கு ஆகியவை போதும். கொக்கி ஊசியின் அளவில் மட்டும் கவனம் வேண்டும். நூலின் சுற்றுத்தாளில் 4 மி.மீ. என்று அச்சிட்டிருந்தாலும், அது துணிபோல் துவளும் பின்னலுக்கான அளவு. பஞ்சடைக்கும் பொம்மைக்குக் கண்ணிகள் நெருக்கமாக இருக்க வேண்டுமென்பதால் 3 மி.மீ. ஊசியையே எடுங்கள்.

மேஜிக் ரிங்கில் (இழுத்து இறுக்கக்கூடிய நூல் வளையம்) 6 சிங்கிள் குரோஷே (அடிப்படையான குட்டைக் கண்ணி) போட்டுத் தொடங்குங்கள். இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு போட்டால் 12 ஆகும். அதன்பின் சுற்றுக்கு ஆறாகக் கூட்டி (ஒரே கண்ணியில் இரண்டு போடுவதே கூட்டல்) 18, 24, 30, 36 என ஆறாம் சுற்றுவரை வட்டத்தை விரியுங்கள். கூட்டும் இடங்கள் எல்லாச் சுற்றிலும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தால் வட்டம் அறுகோணமாகிவிடும். இட்லிக்கு அந்த மூலைகள் பொருந்தாது. ஆகவே 24ஆம் கண்ணிவரை கூட்டும் நான்காம் சுற்றில், இரண்டு சாதாரணக் கண்ணிக்குப் பின் கூட்டுவதற்குப் பதிலாக, ஒரு கண்ணிக்குப் பின்னேயே முதல் கூட்டலைப் போட்டு, எஞ்சும் ஒரு கண்ணியைச் சுற்றின் இறுதியில் பின்னுங்கள். ஆறாம் சுற்றிலும் கூட்டலுக்கு முன் வரும் நான்கு சாதாரணக் கண்ணிகளை இரண்டிரண்டாகப் பிரித்து இவ்வாறே செய்தால் விளிம்பு சீராக வளையும்.

7, 8, 9ஆம் சுற்றுகளைக் கூட்டாமலும் குறைக்காமலும் 36 கண்ணிகளாகவே பின்னுங்கள். ஏறத்தாழ 6 செ.மீ. அகலம் வரும்.

பொம்மைக்கு உயிர் தருவது முகம் என்பதால் இங்கே நிதானியுங்கள். 7, 8ஆம் சுற்றுகளுக்கு இடையே, நடுவில் ஐந்து கண்ணி இடைவெளி விட்டுக் கண்களைச் செருகுங்கள். கண்கள் தாழ்ந்தும் விலகியும் இருக்கும்போதுதான் குழந்தை முகத்தின் கனிவு வருகிறது. உட்புற வாஷரை அழுத்திவிட்டால் கண்ணைக் கழற்ற இயலாது. எனவே முதலில் கை நீட்டும் தொலைவில் வைத்துப் பார்த்து, நிறைவளித்த பின்னரே பூட்டுங்கள். கண்களுக்கு நடுவே ஒரே தையலில் சிறு வளைவாக வாயும், இருபுறமும் இளஞ்சிவப்பில் கன்னமும் தைத்தால் போதும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கான பொம்மையில் பிளாஸ்டிக் கண்களே வேண்டாம். கறுப்பு நூலால் கண்களைத் தையுங்கள்.

பின்பு 30, 24, 18, 12, 6 எனக் குறையுங்கள். குறைக்கும்போது இரு கண்ணிகளின் முன்புற இழைகளில் மட்டும் ஊசியை நுழைத்து ஒன்றாகப் பின்னினால் ஓட்டை தெரியாது. 18 கண்ணிகள் இருக்கையில் பஞ்சை விளிம்பிலிருந்து நடுநோக்கி அடையுங்கள். இறுக்கி அடைத்தால் இட்லி லட்டாகிவிடும் என்பதால் அழுத்தினால் சற்று அமுங்கும் அளவே சரி. துளையை மூடிய பின், அதே நூலை அடிநடுவிலிருந்து மேல்நடுவுக்கும், அடுத்த கண்ணி வழியாக மீண்டும் அடிக்கும் செலுத்தி மெல்ல இழுத்து முடிச்சிட்டால் தட்டையான இட்லி வடிவம் நிலைத்துவிடும்.

பச்சை நூலில் 18 கண்ணிவரை வட்டம் பின்னுங்கள். அதற்கடுத்த கடைசிச் சுற்றில் ஒரு ஸ்லிப் ஸ்டிச் (உயரமில்லாத இணைப்புக் கண்ணி), அடுத்த கண்ணிக்குள்ளேயே ஒரு ஹாஃப் டபுள் (சிங்கிளைவிடச் சற்று உயரமான கண்ணி), இரண்டு டபுள் (அதைவிட உயரமானது), ஒரு ஹாஃப் டபுள், பின்னர் ஒரு ஸ்லிப் ஸ்டிச் என மூன்று கண்ணிகளுக்கு ஒரு வழிவாகக் கொத்தமல்லிச் சட்னி ஆறு இடங்களில் வழியும். அனைத்தும் ஒரே அளவாக இருந்தால் பூவைப்போலத் தோன்றும். ஓரிரண்டில் டபுளுக்குப் பதில் அதைவிட உயரமான டிரெபிள் போட்டு நீட்டி, முகத்துக்கு மேல் வருவதை மட்டும் குட்டையாக விடுங்கள். மேல்நடுவில் அமர்த்தி, விளிம்பு நெடுகத் தைத்து, நூல் முனையைப் பஞ்சுக்குள் இழுத்து வெட்டுங்கள்.

இங்கு நான் கையாண்டவை அமெரிக்கப் பெயர்கள். பிரிட்டன் முறையில் எழுதிய குறிப்புகளில் இதே சிங்கிள் குரோஷேவை டபுள் குரோஷே என்பார்கள். அடுத்ததாக வடைக்கோ தக்காளிக்கோ வேறு குறிப்பைப் பின்பற்றும் முன், அது எந்த முறையில் எழுதப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.