பழைய போத்தல், பழைய திரைச்சீலை: நாற்றுக்குச் செலவில்லாத மூடி

மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் மத்தியானம் மூன்று மணிக்கு வானம் கறுத்தால், கொடியில் காயும் துணியை எடுக்க ஓடுகிறோம். நேற்று நட்ட மிளகாய் நாற்று யார் ஞாபகத்துக்கும் வருவதில்லை. மழை அரை மணி நேரம் அடித்து ஓய்ந்த பிறகு போய்ப் பார்த்தால் தண்டு சாய்ந்து, இலையின் அடிப்பக்கமெல்லாம் சேறு அப்பியிருக்கும். அந்தச் சேற்றோடுதான் பூஞ்சையும் இலைக்கு ஏறுகிறது. மண் காயாமலே கிடந்தால் நாற்றழுகல் வரும். மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு நூலாக இளைத்து, செடி ஒரே ராத்திரியில் படுத்துவிடும். ஏப்ரலிலும் அக்டோபரிலும் சாயங்கால மழை வலுக்கும்போது இதை நிறையப் பார்க்கலாம். மழைக்குத் தப்பினால் நத்தை, நத்தைக்குத் தப்பினால் பக்கத்து வீட்டுக் கோழி.

இதற்கெல்லாம் வீட்டில் கிடக்கும் பொருளே போதும். ஆனால் செய்யத் தொடங்கும் முன் ஒன்று சொல்ல வேண்டும். இணையத்தில் காட்டும் போத்தல் மூடிகள் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்களுடையவை. அவர்கள் பனிக்குப் பயந்து சூட்டை உள்ளே அடைத்து வைக்கிறார்கள். நமக்குச் சூடு வெளியே போக வேண்டும். இது தெரியாமல் முதல் தடவை பன்னிரண்டு கத்தரி நாற்றுகள் மேல் போத்தலைக் கவிழ்த்தேன், திருகு மூடியைக்கூடக் கழற்றவில்லை. மறுநாள் நல்ல வெயில். மத்தியானம் போத்தலின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. தூக்கியதும் முகத்தில் ஆவி அடித்தது. நாற்றுகள் வெந்த கீரையாக மண்ணோடு ஒட்டிக் கிடந்தன. மூன்று வாரம் பார்த்துப் பார்த்து வளர்த்தவை, மனசு ஆறவே இல்லை.

போத்தல் மூடி

ஒற்றை நாற்றுக்கு 1.5 லிட்டர் தண்ணீர்ப் போத்தல் போதும். கத்தரி, தக்காளி மாதிரி இலை விரியும் செடிக்கு 5 லிட்டர் போத்தல் நல்லது. சமையல் எண்ணெய்ப் போத்தலானால் சோப்புப் போட்டுச் சுடுதண்ணீரில் இரண்டு முறை கழுவுங்கள், இல்லாவிட்டால் எறும்பு வந்துவிடும்.

அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் கத்தி முனையால் ஒரு துளை போட்டு, அதில் கத்தரிக்கோலை நுழைத்துச் சுற்றிலும் வெட்டி அடிப்பாகத்தை எடுத்துவிடுங்கள். வெட்டிய விளிம்பு கையைக் கிழிக்கும், அதனால் வயர் சுற்றும் கறுப்பு டேப்பை ஒரு சுற்று ஒட்டிவிடுங்கள். அடுத்து, காற்றுவழி. ஓர் ஆணியைக் குறடால் பிடித்து அடுப்பில் சூடாக்கி, போத்தலின் தோள்பட்டைக்குக் கீழே சுற்றிலும் எட்டுத் துளைகள் போடுங்கள். புகை வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். திருகு மூடியைக் கழற்றி எடுத்தே விடுங்கள். சூடான காற்று அந்த வாய் வழியாகத்தான் மேலே போகும்.

சாயங்காலம் மண்ணுக்குத் தண்ணீர் விட்டு, நாற்றை நடுவில் வைத்துப் போத்தலை இரண்டு விரல் ஆழம் மண்ணில் திருகி இறக்குங்கள். அவ்வளவு ஆழம் இறங்கினால் அடியில் நத்தை நுழைய இடமிருக்காது. அப்புறம் வாய் வழியாக ஒரு நீளமான மூங்கில் குச்சியை, நாற்றில் படாமல் ஓரமாக மண்ணில் குத்தி, போத்தலின் கழுத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டால் காற்றில் பறக்காது. சின்னப் போத்தலுக்குச் சாத்தே இறைச்சி சுடும் குச்சிகள் இரண்டைச் சேர்த்துக் கட்டினாலும் நிற்கும். நாள் முழுக்க வெயில் விழும் இடமாக இருந்தால் காலை பத்து மணிக்கு மூடியை எடுத்துவிட்டு, மழை இருட்டும்போது திரும்ப வையுங்கள்.

கீரைப் பாத்திக்கு வலை

பாத்தி முழுக்கப் போத்தல் வைக்க முடியாது. அதற்குப் பழைய வலைத் திரைச்சீலை அல்லது கிழிந்த கொசுவலை. சலவைக் கடையில் தரும் கம்பி ஹேங்கரை நிமிர்த்தினால் ஏறக்குறைய ஒரு மீட்டர் கம்பி கிடைக்கும். அதை வில்லாக வளைத்து, இரண்டு முனையையும் ஒரு சாண் அளவு மண்ணில் குத்துங்கள். இரண்டு அடிக்கு ஒரு வில் போதும். மேலே வலையைப் போர்த்தி, துணி கிளிப்பால் கம்பியோடு பிடித்து, ஓரங்களைச் செங்கல் வைத்து அழுத்திவிடுங்கள். மழைத்துளி வலையில் பட்டுச் சிதறித் தூறலாக விழும். வெள்ளை வண்ணத்துப்பூச்சி சாவிக் கீரையில் (கடுகுக்கீரை வகை) முட்டையிட முடியாது, கோழியாலும் கிளற முடியாது. கறுத்த திரைச்சீலை வேண்டாம், செடி வெளிச்சம் தேடி நீண்டு மெலிந்துவிடும்.

பாகல், பீர்க்கு, பூசணி, வெள்ளரி போட்டவர்கள் பூ விட்டதும் வலையை எடுத்துவிட வேண்டும். இவற்றில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. தேனீ உள்ளே வராவிட்டால் பிஞ்சு பழுத்து உதிர்ந்துவிடும்.

தொட்டிகளுக்கு மட்டும் கூரை வேண்டுமென்றால், மேசைக்கு விரித்துப் பழசான கண்ணாடி பிளாஸ்டிக் விரிப்பை நான்கு குச்சிகளில் ராஃபியா கயிற்றால் கட்டுங்கள். ஒரு பக்கம் ஒரு சாண் தாழ்ந்திருக்கட்டும், பக்கவாட்டுகள் திறந்தே இருக்கட்டும்.

நட்ட முதல் நான்கைந்து நாள் வெயிலுக்கு அம்மா செய்ததை இன்னும் யாரும் மிஞ்சவில்லை. லயத்து வீட்டுக்குப் பின்னால் இருந்த வாழையில் காய்ந்தும் காயாத மட்டையை உரித்து, முழ நீளத்துக்கு நறுக்கி, நடுவில் மடித்துக் கூடாரமாக நாற்றின் மேல் நிறுத்துவார். மட்டையின் ஈரமே நாற்றைக் குளிர வைக்கும், வெயில் ஏற ஏற அது சுருங்கும். சுருங்கி விழும் நேரத்தில் நாற்று வேர் பிடித்திருக்கும்.

இதில் மட்டும் கவனம்

எஸ்டேட் தோட்டத்துப் பக்கம் இருப்பவர்கள் மருந்து டின்னையும் களைக்கொல்லி கேனையும் எவ்வளவு கழுவினாலும் இதற்கு எடுக்காதீர்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு நம் நாட்டில் 2020 ஜனவரி முதல் தடை. ஆனாலும் பழைய கேன் ஏதாவது ஒரு கொட்டகையில் கிடக்கலாம். பிளாஸ்டிக்கில் ஊறிய நஞ்சு சோப்புக்குப் போகாது. நாம் வளர்ப்பது சாப்பிடும் செடி, பிள்ளைகளும் தொட்டு விளையாடுவார்கள்.

இன்னொன்று கொசு. வெட்டி எடுத்த போத்தல் அடிப்பாகத்தைச் செடியோரம் போட்டு வைத்தால் மழைத் தண்ணீர் தேங்கும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை, கொசுவாகப் பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும். அடிப்பாகத்தை அன்றைக்கே குப்பைக்கு அனுப்புங்கள், அல்லது துளை போட்டு விதைத்தட்டாக வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் கூரை நடுவில் குழி விழுந்திருக்கிறதா என்று ஒவ்வொரு மழைக்குப் பிறகும் பாருங்கள்.

இலை போத்தலின் சுவரைத் தொட ஆரம்பித்தால் மூடியை எடுக்கும் காலம் வந்துவிட்டது. ஒரேயடியாக எடுக்காமல், மூன்று நாள் காலையில் மட்டும் திறந்து வைத்து, நாலாவது நாள் மேகமூட்டமான சாயங்காலமாகப் பார்த்து எடுங்கள். போத்தலைக் கழுவிக் காய வைத்து, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிக் கூரைக்கடியில் வைத்தால் அடுத்த விதைப்புக்கும் ஆகும்.